டலி கிளாக்கர் ஒஸ்வால்ட்டின் கடைசி அத்தியாயம்

கொட்டாஞ்சேனை பொன்ஜீன் வீதியில் ஒஸ்வால்ட் சவுந்தரநாயகம் ஓர் எழுத்தாளர் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் என்ன எழுதினார் என்று கேட்டால்தான் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். ஏதாவது வெளியே வந்திருந்தால் அல்லவா சொல்வதற்கு. பதினொரு வருஷமாக ஒரே நாவலை எழுதிக்கொண்டிருக்கிற மனுஷனிடம் அயலவர்கள் பொறுமையாகத்தான் நடந்துகொண்டார்கள். "எங்கட ரைட்டர்" என்று சொல்லும்போது அதில் பாதி மரியாதையும் பாதி பகிடியும் இருக்கும். ஒஸ்வால்ட்டுக்கு அது விளங்கும். கோபிக்கமாட்டார்.

பகலில் அவர் துறைமுகத்தில் டலி கிளாக்கர். கப்பலிலிருந்து இறங்குகிற சாக்கு, பெட்டி, பீப்பாய் எல்லாவற்றையும் எண்ணித் தாளில் கோடு போடவேண்டும். நாலு கோட்டை நிமிர்த்திப் போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கவேண்டும். அந்தத் தாளுக்கு டலி ஷீற் என்று பெயர். ஒரு பக்கம் அச்சடித்திருக்கும், மறுபக்கம் வெறும் வெள்ளை. சில வருஷம் வைத்திருந்துவிட்டு ஒஃபிஸில் பழைய கட்டுகளை எறிந்துவிடுவார்கள். நல்ல தடித்த தாள் குப்பைக்குப் போவதைப் பார்க்க ஒஸ்வால்ட்டுக்கு மனம் பொறுக்கவில்லை. கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்த வெள்ளைப் பக்கங்களில்தான் நாவலை எழுதினார். பழக்கதோஷம் அங்கேயும் விடவில்லை. ஒரு பக்கத்தைத் திருப்பி எழுதும் ஒவ்வொரு தடவையும் அதன் ஓரத்தில் ஒரு கோடு போடுவார். புதுத் தாளுக்கு மாறினால் பழைய கோடுகளையும் தவறாமல் ஏற்றிவிடுவார். முதலாம் பக்கத்தின் ஓரத்தில் முப்பத்தேழு கோடுகள் நின்றன.

நாவலுக்கு முன்னர் அவர் சினிமாக்காரராகவும் இருந்தவர். எழுபத்தொன்பதில் மீரா சாஹிப் என்ற புடவைக்கடை முதலாளிக்குத் தமிழ்ப் படம் எடுக்கும் ஆசை வந்து, கதை வசனத்துக்கு ஒஸ்வால்ட்டைப் பிடித்தார். முதலாளி நல்ல மனுஷர், ஆனால் மாசத்துக்கு ஒரு புது யோசனை வரும். மலையில் ஒரு பாட்டு வேண்டும் என்பார். பிறகு, மலைக்குப் போகிற காட்சியே வேண்டாம், மலையிலிருந்து வருகிற காட்சி போதும் என்பார். நாலு வருஷம் இப்படியே இழுபட்டு, முகத்துவாரம் கடற்கரையில் பதினொரு நாள் படப்பிடிப்பு நடந்தது. எடுத்த சுருள்களை வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் வைத்திருந்தார்கள். எண்பத்துமூன்று யூலைக் கலவரத்தில் அந்த வீடு எரிந்தது, சுருள்களும் அதோடு போயின. முதலாளி வந்து ஒஸ்வால்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு தொலைக்காட்சியில் அரைமணி நேரத் தமிழ் நாடகம் எழுதித் தரக் கேட்டார்கள். கப்பல்காரர் ஒருவரைப் பற்றி எழுதிக் கொடுத்தார். கடற்கரையில் கமெரா வைக்க அனுமதி கிடையாது, யுத்தகாலம், கடலைக் குளமாக்கித் தாருங்கள் என்றார்கள். ஆக்கினார். குளத்துக்கு வாகனம் இல்லை, கிணறாக்குங்கள் என்றார்கள். அதையும் ஆக்கினார். ஒன்றரை வருஷம் கழித்து நாடகம் ஒளிபரப்பானபோது, தண்ணீர் என்று அதில் இருந்தது மேசையில் வைத்த ஒரு கிளாஸ் மட்டும்தான். கப்பல்காரர் அந்தக் கிளாஸைப் பார்த்துக்கொண்டே வசனம் பேசினார். வீட்டில் ஒஸ்வால்ட் சிரித்த சிரிப்பில் அவர் மனைவி பிறிஜெற் பயந்துபோனாள்.

பிறிஜெற் கன்னியாஸ்திரிமார் நடத்தும் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு ரீச்சர். பிள்ளைகள் இல்லை. அவளுக்கென்று இருந்தது தம்பி றேமண்ட் ஒருவன்தான், அவனைத் தூக்கி வளர்த்ததே அவள். கலவரத்துக்கு அடுத்த வருஷம், இனி இங்கே இருந்து என்ன செய்ய என்று சொல்லி, அவன் ஒரு கிரேக்கக் கப்பலில் சமையல்காரனாக ஏறிப் போனான். இரண்டு வருஷம் கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. பிறிஜெற் செவ்வாய் தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்வந்தாள். காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் அல்லவா அவர். ஒஸ்வால்ட் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டு அவளை ஏன் அழவைக்கவேண்டும் என்று இருந்துவிட்டார்.

நாவலும் ஒரு காத்திருப்பைப் பற்றியதுதான். தியோகு என்றொருவன் கப்பலேறிப் போகிறான். அவன் மனைவி மதலேனா துறைமுகத் தெருவில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். நானூற்றுப் பன்னிரண்டு தாளில் அவள் காத்திருந்து முடித்துவிட்டாள். கடைசி அத்தியாயம் மட்டும் இல்லை. வேலை மினக்கேடு, தலையிடி, கரண்ட் வெட்டு என்று ஒஸ்வால்ட் ஆளுக்கு ஒரு காரணம் சொல்லுவார். உண்மையான காரணம் ஒன்றுதான். கதை கதையாக இருக்கவேண்டுமானால் தியோகு வரக்கூடாது. ஆனால் அவன் வரமாட்டான் என்று எழுதினால், என்றைக்கோ ஒருநாள் பிறிஜெற் அதை வாசிப்பாள். தன் புருஷனே தன் தம்பியைச் சாகவைத்துவிட்டதாக அவளுக்குப் படும். அவருக்கு அவள்மேல் அவ்வளவு அன்பு, அதனால் நாவல் முடியவில்லை. "முடிச்ச பிறகு நீர் வாசியும்" என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார். அவளும் ஒருநாளும் அந்தத் தாள்கட்டைத் தொட்டதில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதற் பூசை முடிந்து சனம் வீடு திரும்பிய நேரம், தெருவைப் பொலிஸார் சுற்றி வளைத்தார்கள். சுற்றிவளைப்பு கொட்டாஞ்சேனைக்குப் புதிதல்ல. அடையாள அட்டை, வீட்டில் இருக்கிறவர்களின் பெயரைப் பதிந்த பொலிஸ் படிவம் இரண்டையும் நீட்டினால் பெரும்பாலும் போய்விடுவார்கள். அன்றைக்கு வந்த அதிகாரி அலுமாரியைத் திறந்து அந்தத் தாள்கட்டை எடுத்தார். ஒரு பக்கத்தில் கப்பல்களின் பெயர், திகதி, இறக்கிய சாமான். மறுபக்கத்தில் நெருக்கி நெருக்கித் தமிழ் எழுத்து. ஓரம் முழுக்கக் கோடுகள். துறைமுகப் பாதுகாப்பு வலயத்துத் தாளெல்லாம் ஒரு தமிழன் வீட்டில். "மே மொனவாத?" என்று அவர் கேட்டார். இவை என்ன என்பதற்கு உலகத்தில் எந்த எழுத்தாளரும் சுருக்கமாகப் பதில் சொன்னதில்லை. ஒஸ்வால்ட் நாவல் என்றார். தலைப்பு என்ன என்று கேட்டார்கள். தலைப்பு இன்னும் வைக்கவில்லை என்றார். அவரையும் கட்டையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பின்னேரம் ஒஃபிஸ் மனேஜர் வந்து, இவை எறிந்த பழைய தாள்கள், இதில் இரகசியம் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு ஆளை விட்டார்கள். கட்டை விடவில்லை. தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் எப்படி விடுவது. 'நாவல் என்று சொல்லப்படும் தாள்கள் 412' என்று சிங்களத்தில் ஒரு ரசீது கொடுத்தார்கள். அன்றிரவு ஒஸ்வால்ட் சாப்பிடவில்லை. வேறு பிரதி கிடையாது. நாற்பத்தொன்பது வயதில் அவரிடம் இருந்த ஒரே சொத்து அது, அதை ஒரு ஜீப்பில் வைத்துவிட்டு வந்துவிட்டார். பிறிஜெற் அவருக்குப் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கட்டு போய்ச் சேர்ந்தது தாஸிம் என்பவரிடம். புதுக்கடை நீதிமன்றத்துக்குக் கிட்ட ஒரு சின்ன அறையில், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று பலகை போட்டு இருப்பவர். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கலியாணப் பதிவு என்று நாள் முழுக்கத் தமிழைச் சிங்களமாக்குவதும் சிங்களத்தைத் தமிழாக்குவதும்தான் அவர் வேலை. இதில் என்ன இருக்கிறதென்று இரண்டு பக்கத்தில் எழுதித் தாருங்கள் போதும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். வேறு ஆளாக இருந்தால் இருபது தாளைப் புரட்டிவிட்டு எழுதியிருப்பார். தாஸிமுக்கு ஒரு கொள்கை. 'முழுவதும் வாசித்தேன்' என்ற வசனத்துக்குக் கீழேதான் அவருடைய ஒப்பம் விழும், அதனால் முழுவதும் வாசிக்காமல் ஒப்பம் வைக்கமாட்டார். ஆறு மாதம் எடுத்தது. ஒஸ்வால்ட் இரண்டு கிழமைக்கு ஒருதரம் பொலிஸுக்குப் போய், வாசிப்பு நடக்கிறது என்ற பதிலைக் கேட்டு வந்தார். வாசிப்பு நடக்கிறது என்ற சொல்லைக் கேட்க முப்பது வருஷம் ஆசைப்பட்டவர், இப்படிக் கேட்க வருமென்று நினைத்திருக்கமாட்டார்.

ஓகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை தாஸிம் நேரே வீட்டுக்கு வந்தார். அறுபது வயது, தொப்பி, கையில் குடை. தன்னை யாரென்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். பிறிஜெற் பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டு அறைக்குள் போனாள். தாஸிம் முதலில் ஓரத்துக் கோடுகளைப் பற்றிக் கேட்டார், அதிகாரிக்கு அதுதான் பெரிய சந்தேகமாம். ஒஸ்வால்ட் வெட்கத்தோடு விளக்கினார். தாஸிம் அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டு, தேத்தண்ணியைக் குடித்தார்.

"நான் இந்த வேலைக்கு வந்து முப்பத்திரண்டு வருஷம். ஒரு டொகியுமன்ட வாசிச்சு நித்திர இல்லாமப் போனது இதுதான் மொதல் தரம்" என்றார். "இப்ப செல்லுங்க. தியோகு வாரானா, இல்லாட்டி மவுத்தா?"

நாவலை வாசித்த முதல் மனுஷன் எதிரே இருக்கிறார். அது இன்னும் எழுதவில்லை என்றார் ஒஸ்வால்ட். எழுதாவிட்டால் கஷ்டம் என்றார் தாஸிம். முடிவில்லாத ஆவணத்தின் கீழே முழுவதும் வாசித்தேன் என்று எழுத அவருக்கு மனம் வராது. அந்த அதிகாரியோ செப்ரெம்பர் முடிய இடம்மாறிப் போகிறார். அதற்குள் அறிக்கை போகாவிட்டால் கட்டு களஞ்சியத்துக்குப் போய்விடும், அங்கே போன தாள் திரும்பி வந்ததை அவர் கண்டதில்லை. ஒஸ்வால்ட் அறைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, தன் மனைவியின் தம்பியைப் பற்றிச் சொன்னார். ஏன் எழுத முடியவில்லை என்றும் சொன்னார். தாஸிம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். போகும்போது, தான் அவசரப்படுத்தவில்லை, ஆனால் திகதி அவசரப்படுத்துகிறது என்றார்.

மூன்று கிழமை ஒஸ்வால்ட் மேசைக்கு முன்னால் குந்தினார். துறைமுகத்துத் தாள் இனி வீட்டுக்கு வராது, பிறிஜெற் தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிக் கொடுத்திருந்தாள். பின்னால் ஒன்றும் எழுதாத தாளில் அவருக்கு எழுத வரவில்லை. தியோகுவைக் கொண்டுவந்து கரையில் இறக்கிப் பார்த்தார். அவன் சினிமாக்காரன் மாதிரிக் கையை விரித்துக்கொண்டு இறங்கினான். கிழித்து எறிந்தார். எல்லாம் போகட்டும், களஞ்சியத்திலேயே கிடக்கட்டும் என்று ஒரு கட்டத்தில் மனதைத் தேற்றிக்கொண்டார். நாவலா அவளா என்று வந்தால் அவருக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

செப்ரெம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பிறிஜெற் கொச்சிக்கடையால் வந்து, முக்காட்டைக்கூட எடுக்காமல் மேசைக்குக் கிட்ட வந்து நின்றாள்.

"இஞ்சருங்கோ, அவன் வரமாட்டான் எண்டு எழுதுங்கோ" என்றாள்.

ஒஸ்வால்ட் தடுமாறிப்போனார். "பிறிஜெற், அது கதை. அது றேமண்ட் இல்லை."

அன்றைக்கு அந்த ஐயாவோடு கதைத்ததெல்லாம் தனக்குக் கேட்டது என்று அவள் சொன்னாள். பிறகு செபப்புத்தகத்தைத் திறந்து, நாலாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்துக் கொப்பியின் மேலே வைத்தாள். கப்பல் கம்பெனியின் ஆங்கிலக் கடிதம். எண்பத்தெட்டாம் ஆண்டுத் திகதி. றேமண்ட் புயலில் கடலில் விழுந்துவிட்டான், உடல் கிடைக்கவில்லை, வருந்துகிறோம். அவள் கம்பெனிக்கு எழுதிய எத்தனையோ கடிதங்களுக்கு வந்த ஒரே பதில்.

ஒஸ்வால்ட் அதை இரண்டு தரம் வாசித்தார். எட்டு வருஷம். இந்த வீட்டிலே, இந்தச் செபப்புத்தகத்திலே.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"படம் எரிஞ்சுது. ரீவீயும் அப்பிடிப் போச்சுது. உங்களுக்கு இது ஒண்டுதான் மிச்சம். அந்த வருஷம் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் எனக்கு மதலேனாவைப் பற்றிக் கதைப்பீங்கள். நான் இதைச் சொன்னா நீங்கள் பேனையை வைச்சுப்போடுவீங்கள் எண்டு பயந்துபோனன். பிறகு சொல்லுவம், பிறகு சொல்லுவம் எண்டு இவ்வளவு காலம் போட்டுது."

அப்படியென்றால் செவ்வாய்க்கிழமைகளில் எதற்குப் போனீர் என்று கேட்டார். அவன் ஆத்துமத்துக்காக என்றாள். கேட்டால் சொல்லியிருப்பேன், நீங்கள் கேட்கவில்லை என்றாள்.

"நவம்பர் கவரிலயும் அவன்ர பேர் எழுதினனான். எட்டுத்தரம். நீங்கள்தானே ஒட்டிக் கொண்டுபோய்ப் பெட்டியில போட்டனீங்கள்."

நவம்பர் மாதம் கோயிலில் வீட்டுக்கு ஒரு கவர் கொடுப்பார்கள். குடும்பத்தில் செத்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதி உள்ளே வைத்து, பீடத்துக்குப் பக்கத்திலுள்ள பெட்டியில் போடவேண்டும். மாதம் முழுக்க அவர்களுக்காகப் பூசை நடக்கும். பெயர் எழுதுவது பிறிஜெற்றின் வேலை, ஒட்டிக் கொண்டுபோவது ஒஸ்வால்ட்டின் வேலை. எழுத்தில் பிழைப்பு நடத்தாவிட்டாலும் எழுத்திலேயே கிடந்த மனுஷன், தன்னை ஒருவரும் வாசிக்கவில்லையே என்று முப்பது வருஷம் மனம் நொந்தவர், தன் மனைவி எழுதிய அந்த ஒரு தாளை ஒருநாளும் விரித்துப் பார்க்கவில்லை. அவருக்கு அழுகை வந்தது. அவளும் அழுதாள், ஆனால் அவளுக்கு அது பழைய அழுகை, சீக்கிரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் விட்டாள்.

கடைசி அத்தியாயத்தை நாலு பின்னேரத்தில் எழுதி முடித்தார். அவருக்கு இப்போது ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. எண்பத்தெட்டில் ஒருநாள் கட்டிலுக்குக் கீழே இருந்த றேமண்டின் சப்பாத்தைக் காணவில்லை. எங்கே என்று அவர் கேட்கவில்லை. அதையே எழுதினார். கடிதம் வந்த அன்றைக்கு மதலேனா தியோகுவின் சப்பாத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறாள், ஏழைகளுக்கென்று வாங்கும் இடத்தில் கொடுக்கிறாள், வீட்டுக்கு வந்து சோறு வைக்கிறாள். அவ்வளவுதான். திருத்த ஒன்றும் இருக்கவில்லை. ஓரத்தில் ஒரு கோடு போட்டார்.

கொப்பியைப் பிறிஜெற்றிடம் நீட்டி, இனி நீர் வாசிக்கலாம் என்றார். முதலில் அந்த ஐயா வாசிக்கட்டும், அவர்தான் ஆறு மாதம் இருந்து வாசித்தவர் என்றாள். அடுத்த நாள் புதுக்கடையில் தாஸிம் வேலையெல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, வாசலில் ஆட்கள் காத்திருக்க, அதை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ சோறு வெச்சா. அது சரி" என்று மட்டும் சொன்னார். அறிக்கை இரண்டு பக்கமல்ல, ஒன்பது பக்கம் வந்தது. ஓரத்திலுள்ள கோடுகள் ஆசிரியரின் பொறுமையைக் குறிப்பன, வேறு பொருள் இல்லை என்று அதில் ஒரு வசனம் இருந்தது. முழுவதும் வாசித்தேன் என்று ஒப்பம் வைத்தார்.

ஒக்ரோபர் முதல் கிழமை கட்டு திரும்பி வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு தாளும் இருந்தன. புத்தகமாக்கலாம் என்று வெள்ளவத்தையில் ஓர் அச்சகத்துக்குக் கொண்டுபோனார். இப்போது தாள் தட்டுப்பாடு, அடுத்த வருஷம் வாருங்கள் என்றார்கள். தெஹிவளையில் ஒருவர் இதை ரெலிநாடகமாக்கலாம், ஆனால் கடல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஒஸ்வால்ட் சிரித்துக்கொண்டே பஸ் ஏறி வந்தார். வீட்டில் பிறிஜெற் பள்ளிக்கூடத்தால் வந்து, முன்வாசல் கதிரையில் இருந்து ஒருநாளைக்குப் பத்துத் தாளாக வாசித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே இருந்து அவள் முகத்தையே பார்ப்பார். போய் உங்கட வேலையைப் பாருங்கோ என்று அவள் துரத்துவாள்.

நவம்பர் இரண்டாம் திகதி காலை, பூசைக்கு வெளிக்கிடும் நேரம், மேசையில் கவர் இருந்தது. இன்னும் ஒட்டவில்லை. ஒஸ்வால்ட் தாளை வெளியே எடுத்து விரித்தார். அவருடைய அப்பா, அம்மா. அவளுடைய அப்பா, அம்மா. அதற்குக் கீழே றேமண்ட். எல்லாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டுகிற அவளுடைய வட்ட எழுத்து. றேமண்டுக்குக் கீழே, அதே எழுத்தில், தியோகு என்று இருந்தது.

அவர் தாளை மடித்து உள்ளே வைத்து, கவரை ஒட்டிக்கொண்டு, அவளோடு கோயிலுக்குப் போனார்.